ஒருவர் வேலை இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்

கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் படியேறாத வீடு குறைவு. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கத்தான் போவேன் என்றாலும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கால் வீக்கத்தைக் காட்டுவார்கள், மாத்திரை அட்டையை நீட்டி இது எதற்கு என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்ததில் ஒன்று என் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரில் மனைவி முதலில் போய்விட்டால், அந்தப் பெரியவர் சில மாதங்களிலேயே இளைத்துவிடுவார். காலையில் கடையில் டீயும் பன்னும், மதியம் மருமகள் கொடுத்தனுப்பும் சோறு, இரவில் பெரும்பாலும் வெறும் வயிறு. கணவர் முதலில் போய்விட்டால் அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டில் குறை வராது. ஆனால் வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது, நிலத்தின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது, மாந்தோப்பை யாருக்கு என்ன பேச்சுக்கு விட்டிருக்கிறது என்பது எதுவும் தெரியாமல், பிள்ளைகளோ பங்காளிகளோ நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். துக்கம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். அதன் மேல் வந்து சேரும் இந்தத் திண்டாட்டத்தை, இருவரும் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். மகள் பெங்களூரிலும் மகன் ஓசூரிலும் வேலை பார்க்கிறார்கள். கணவருக்குச் சிறிது மானாவாரி நிலமும், தோத்தாபுரியும் செந்தூராவும் கலந்த ஒரு மாந்தோப்பும், பங்காளிகளுடன் பொதுவில் ஒரு கிணறும் உண்டு. திருமணமான நாளிலிருந்து எங்கள் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது: நிலம், கொடுக்கல் வாங்கல், தாலுகா அலுவலகம் ஆகியவை அவர் பொறுப்பு, அடுப்பு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, என் சம்பளக் கணக்கு ஆகியவை என் பொறுப்பு. இருவருக்கும் வேலை மிகுந்திருந்த வயதில் இந்தப் பிரிவினை நல்லதாகவே இருந்தது என்று இன்றும் சொல்வேன். அறுபதைத் தாண்டிய பிறகு அதே பிரிவினை ஆபத்தாக மாறுகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக உயர்த்தப்பட்டதால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்த காலத்தில், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, ஒருவர் வேலையை இன்னொருவர் கற்றுக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

முதலில் தொடங்கியது அடுப்படியில். அதற்குக் காரணமும் இருந்தது. நம் பக்கத்து வீடுகளில், மகளுக்குக் குழந்தை பிறந்தவுடன் பாட்டி பெங்களூருக்குப் போய்விடுவார். தாத்தா மாட்டையும் தோப்பையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பார். பேறுகால விடுப்பு முடிந்து மகள் வேலைக்குத் திரும்பும்போது பாட்டியின் தேவை இன்னும் கூடிவிடும். குழந்தை பள்ளிக்குப் போகும் வரை அவரால் ஊருக்கு வர முடியாது. பிள்ளைகள் வேண்டுமென்று பிரிப்பதில்லை, அவர்களுக்கும் வேறு வழி தெரிவதில்லை. ஆனாலும் ஒருவருக்கொருவர் மிகவும் தேவைப்படும் வயதில் அந்த இருவரும் இரண்டு ஊர்களில் இருக்கிறார்கள் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் மகள் கருவுற்றபோது நானும் கணவரும் முன்னதாகவே பேசி, மகளிடமும் மருமகனிடமும் தெளிவாகச் சொன்னோம். பேறுகாலத்துக்கும் அதையடுத்த முதல் மாதங்களுக்கும் நான் வருவேன். அதன் பிறகு வந்தால் இருவரும் சேர்ந்து வருவோம். தோப்பு வேலை உள்ள மாதங்களில் இருவருமே ஊரில் இருப்போம். இடைப்பட்ட காலத்துக்குக் குழந்தையைப் பார்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன் என்றோம். மகளுக்கு முதலில் வருத்தம்தான். பேச வேண்டியதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசியதால் அந்த வருத்தம் மனக்கசப்பாக மாறவில்லை.

நான் பெங்களூரில் இருக்கும் மாதங்களில் அவர் கடைச் சாப்பாட்டை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகக் களியிலிருந்து தொடங்கினேன். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பிறந்தவர்களுக்குக் களி இல்லாத சாப்பாடு நிறைவு தராது. அதுவும் போக, எனக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி வந்த பிறகு களி கிண்டுவது கடினமாகிவிட்டது. அவருடைய தோளிலும் கையிலும் இன்னும் பலம் இருந்தது. நொய்யரிசி முக்கால் வேக்காடு வந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்ட வேண்டும். உடனே கிண்டக் கூடாது. கட்டையால் நடுவில் ஒரு துளை போட்டு, தீயைக் குறைத்துத் தட்டால் மூடிவிட்டால், சுற்றிலும் தண்ணீர் கொதித்து ஆவி மாவுக்குள் ஏறும். பிறகு மிகுதியான கொதிநீரைச் சிறிது இறுத்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தை இறக்கிக் காலால் அணைத்துப் பிடித்து, கட்டி இல்லாமல் அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் இறுத்த நீரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். வெந்ததா என்று பார்க்கக் கையை நனைத்துத் தொட வேண்டும். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. இவ்வளவையும் அவர் அருகில் நின்று பார்த்தார், பிறகு நான் அருகில் நிற்க அவரே செய்தார். கீரை கடைவதும் கொள்ளுக் குழம்பு வைப்பதும் அதைத் தொடர்ந்து வந்தன. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக்கொட்டை வரும்போது இப்போது குழம்பு வைப்பது அவர்தான். புளியை நான் விடுவதைவிடச் சற்றுத் தூக்கலாக விடுவார், அது எனக்குப் பிடித்தும்விட்டது.

கற்றுக்கொடுக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் சமைக்கும்போது அடுப்படிக்குள் நிற்காதீர்கள். மேடையில் மாவு சிந்தியிருந்தால் சிந்தியிருக்கட்டும்; முதல் நாளிலேயே அதைச் சொல்லிக் காட்டினால், நீயே செய்துகொள் என்று அவர் வெளியே போய்விடுவார், அதோடு அந்த முயற்சி நின்றுவிடும். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, அப்பா இப்போது சமைக்கிறாராமே என்று கேலி செய்யவும் விடாதீர்கள். வயதான பிறகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்பவருக்கு மரியாதை வேண்டும்.

கேழ்வரகைப் பற்றிச் செவிலியர் என்ற முறையில் சிறிது சொல்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் மிகச் சிறு பங்குதான் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் பெண்களுக்கு இது நல்ல உணவு. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள், ராகிதானே என்று இரண்டு மூன்று உருண்டை சாப்பிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் தடுத்திருக்கிறேன். மாவுச்சத்து இதிலும் ஏறக்குறைய அரிசி அளவுக்கு இருக்கிறது. உருண்டையைச் சிறிதாக்கிக் கீரையையும் பருப்பையும் கூட்டுவதுதான் வழி.

தண்ணீரையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலுள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை மட்டும் வருவதில்லை, முதுகும் முழங்காலும் விறைத்துப்போகின்றன. ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. எங்கள் தெருவில் அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறும் குழம்பும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சமைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். களியிலும் குழம்பிலும் அந்த நீர் நம் உடம்புக்குள்தானே போகிறது? காய்ச்சினாலும் புளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். எங்கள் வீட்டில் சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் நீர், துவைக்கவும் கழுவவும் ஆழ்துளை நீர் என்று பிரித்துவிட்டோம். முழுக் குடத்தை இடுப்பில் தூக்குவதையும் விட்டுவிட்டோம். அரைக் குடமாக இருவரும் மாறி மாறி எடுத்து வருகிறோம்.

அடுத்தது மருந்து. அவருக்கு இரத்த அழுத்தம், எனக்குச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டாலும், எது யாருடையது, எந்த வேளைக்கு உரியது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரைப் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை ஆகியவற்றைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதி, ஒன்றை அடுப்படிக் கதவின் உட்புறம் ஒட்டி, இன்னொன்றை அவரவர் பையில் வைத்திருக்கிறோம். அவர் மாத்திரைக்கு நான் பொறுப்பு, என் மாத்திரைக்கு அவர் பொறுப்பு என்று மாற்றிக்கொண்டது நன்றாக வேலை செய்கிறது. தன் மாத்திரையை மறப்பவர்கூட, மனைவிக்குக் கொடுக்க வேண்டியதை மறப்பதில்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல, அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை நான் வீடு வீடாகச் சொன்னேன், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வயதான தம்பதியரிடையே வரும் சண்டைகளில் பாதிக்குக் காது காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அடுப்படியிலிருந்து பேசுவேன். அவர் வாசலில் இருந்தபடி பதில் சொல்லமாட்டார். மூன்றாம் முறை குரல் உயரும். உயர்ந்த குரல் மட்டும் அவர் காதில் விழும், எதற்குக் கத்துகிறாய் என்பார். ஒருநாள் அவரே, “நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றன்னுதான் புரியல” என்றார். வயதினால் வரும் கேட்புக் குறை அப்படித்தான் தொடங்கும். மெல்லிய உயர் ஒலிகள் முதலில் போகும், ச, த, ப போன்ற எழுத்துகளின் ஒலி மங்கி, பேச்சு கேட்கும் ஆனால் சொல் பிரிந்து தெரியாது. குரலை உயர்த்துவதால் பெரிய பயன் இல்லை. அருகில் போய், முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேச வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. குச்சியும் எண்ணெயும் வேண்டாம். அவர் கவனிக்கவில்லை என்று எத்தனையோ மனைவியர் மனம் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள், அந்த அம்மாக்களுக்கு இது தெரிந்தால் நெஞ்சிலிருக்கும் பாரம் குறையும்.

இரவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அவர் இரவில் இரண்டு மூன்று முறை எழுவார். எனக்கு ஒருமுறை விழிப்பு வந்தால் மீண்டும் தூக்கம் வராது. ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டோம். உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஏதாவது மனத்தாங்கலா என்று என்னைத் தனியாகக் கேட்டார். அன்புக்கும் கட்டிலின் அகலத்துக்கும் தொடர்பில்லை. இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் பகலில் இனிமையாகப் பேச முடியும். கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இருக்கட்டும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரை சிறு விளக்கு எரியட்டும். குளியலறையில் சுவரில் கைப்பிடி வைக்கும்போது, அவரையும் என்னையும் உட்காரவைத்து எழவைத்து, கை இயல்பாகப் போகும் இடத்தில் குறி போட்டுத்தான் கொத்தனாரிடம் பொருத்தச் சொன்னோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது; பணிக்காலத்தில் அப்படி ஒரு வீட்டில் கதவை உடைக்க ஆள் தேடி ஓடியதை நான் மறக்கவில்லை. தாழ்ப்பாள் போடுவதையும் நிறுத்திவிட்டோம்.

இப்போது என் பங்குக்கு நான் கற்றுக்கொண்டது. அவர் என்னை நிலத்துக்கு அழைத்துப் போனார். பத்திரத்தை நான் கையில் வைத்துக்கொள்ள, செக்குபந்தியில் எழுதியிருக்கும் நான்கு எல்லையையும் ஒவ்வொன்றாக நடந்து காட்டினார்; வடக்கே யார் நிலம், எல்லைக்கல் எந்த வேப்ப மரத்தடியில் புதைந்திருக்கிறது, கிணற்றில் எங்கள் முறை எந்தெந்த நாள், மோட்டார் ஸ்டார்ட்டரில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எல்லாமும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது ஆகிய எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்து, எது எதற்கு என்று ஒரு நோட்டில் என் கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். தான் சொல்லச் சொல்ல நானே எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எழுதியவை எனக்கு மறக்கவில்லை.

தோப்பை ஆண்டுதோறும் வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவோம். அந்த ஆண்டு வியாபாரி வந்தபோது என் கணவர், “அம்மாகிட்டயே பேசுங்க, தோப்பு வெவரம் அவங்களுக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வியாபாரி சிறிது நேரம் தயங்கினார். நான் பூ எப்படி இருக்கிறது, மருந்தடிப்பு யார் செலவு, முன்பணம் எவ்வளவு, மிச்சத்தை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பேசியதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். தோத்தாபுரி விலை மாங்கூழ் ஆலைகள் வாங்குவதைப் பொறுத்து ஏறும் இறங்கும் என்பதால், வாய்ப் பேச்சில் விட்டால் கடைசியில் விலை விழுந்துவிட்டது என்று பாக்கியைக் குறைப்பார்கள். அந்த வியாபாரி இப்போது நேரே என்னை அழைத்தே பேசுகிறார்.

என் ஓய்வூதியக் கொடுப்பாணையை அவருக்குக் காட்டி, எனக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு வரும், அதற்கு யாரிடம் போக வேண்டும், ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணல் என்றால் என்ன என்று விளக்கினேன். வங்கிக் கணக்கை, இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கினோம். நியமனதாரர் (நாமினி) என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரியவர், பெற்றதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாரிசு உரிமை தனி.

நிலத்தையும் வீட்டையும் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது நம் பக்கம் மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிள்ளைகளிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், எழுதும் பத்திரத்தில் பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாதபோது வழக்கு இழுபடும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செட்டில்மெண்ட் எழுதவில்லை, உயில் எழுதியிருக்கிறோம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பின்னால் பிள்ளைகளுக்குள் பேச்சு வரக் கூடாது என்று நாங்கள் பதிவும் செய்துவிட்டோம். இருவரில் யார் முதலில் போனாலும் மற்றவர் உயிரோடு இருக்கும் வரை இந்த வீட்டிலேயே இருக்கலாம், தோப்பின் வருமானம் அவருக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. மகனையும் மகளையும் பொங்கலுக்கு வந்திருந்தபோது உட்காரவைத்துப் படித்துக் காட்டினோம். மகள் சிறிது அழுதாள். இப்போதே எதற்கு இதெல்லாம் என்றாள். இப்போதுதான் சொல்ல முடியும் என்றார் என் கணவர். இந்த ஆண்டு காய் இறங்கி முடிந்ததும் அவருக்குக் காது கேட்புப் பரிசோதனை செய்ய வேண்டும், கருவி தேவைப்பட்டால் அதைப் பழகிக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும் என்பதால் அந்த மாதத்தில் பெங்களூருக்கு வரமாட்டோம் என்று மகளிடம் சொல்லியாகிவிட்டது.